1942 ரப்பர் பஞ்சம்: அமெரிக்கா செயற்கை ரப்பரை "கண்டுபிடிச்சு" தப்பிச்சதா?

பான்பரி_செல்வம்:

வணக்கம் நண்பர்களே. வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்திக்கிட்டே இருக்கு, ஜப்பான் மலாயாவ புடிச்சதும் அமெரிக்காவுக்கு ரப்பர் நின்னு போச்சாம், உடனே விஞ்ஞானிங்க ராப்பகலா உக்காந்து ரெண்டே வருஷத்துல செயற்கை ரப்பர கண்டுபிடிச்சு போரையே திருப்பிட்டாங்களாம். நான் டயர் ஃபேக்டரில மிக்சிங் செக்‌ஷன்ல இருக்கேன், எஸ்பிஆர்ங்கற செயற்கை ரப்பரோட பேல் (கட்டி) தினமும் என் கண்ணு முன்னாடி பான்பரிங்கற கலக்குற மிஷினுக்குள்ள விழுது, அதனால இந்த கதைய இப்படி சொல்றப்ப சும்மா இருக்க முடியல.

அந்த எஸ்பிஆர், அதாவது ஸ்டைரீன் பியூட்டாடையீன் ரப்பர், 1929லயே ஜெர்மனில ஐஜி ஃபார்பென் கம்பெனில வால்டர் பாக், எட்வர்ட் சுன்கூர்னு ரெண்டு பேர் செஞ்சுட்டாங்க. பேரு புனா எஸ். நியோப்ரீன் 1930ல டூபாண்ட்ல வந்துடுச்சு. ப்யூடைல் ரப்பர் 1937ல ஸ்டாண்டர்ட் ஆயில்ல. 1941 டிசம்பர்ல பேர்ல் ஹார்பர் குண்டு விழுந்தப்ப ஃபார்முலா தெரியாம யாரும் முழிக்கல. கையிருப்பு சுமார் 10 லட்சம் டன் இயற்கை ரப்பர், வருஷ செலவு சுமார் 6 லட்சம் டன், அதுவும் சமாதான காலத்து கணக்கு. வந்துட்டு இருந்ததுல 90 சதவீதம் நின்னு போச்சு. ஒரு ஷெர்மன் டாங்குக்கே அரை டன் ரப்பர் வேணும். பொதுவா டயருக்கு ஆகுற செயற்கை ரப்பர பெரிய அளவுல செய்ய அவங்ககிட்ட ஒரு ஆலை கூட ஓடல, அதுதான் நிலைமை.

என் கருத்து என்னன்னா, அவங்கள காப்பாத்துனது புது கண்டுபிடிப்பு இல்ல. ஒருத்தன் கழுத்த ஒருத்தன் அறுத்துக்கிட்டிருந்த கம்பெனிங்க 1941 டிசம்பர் 19ஆம் தேதி, குண்டு விழுந்து ரெண்டு வாரம் கூட ஆகல, உக்காந்து பேடண்டையும் தொழில்நுட்பத்தையும் பொதுவுல வைக்கிறோம்னு கையெழுத்து போட்டாங்களே, அதுதான். ஸ்டாண்டர்ட் ஆயில், ஃபயர்ஸ்டோன், குட்ரிச், குட்இயர், யூஎஸ் ரப்பர். ஏன் இது முக்கியம்னு அடுத்தடுத்து எழுதுறேன், மாத்து கருத்து இருந்தா தாராளமா சொல்லுங்க.

கிள்ளான்_பாரி:

அண்ணே வணக்கம், மலேசியாவுல இருந்து எழுதுறேன். நல்ல விஷயம் எடுத்தீங்க. ஆனா 90 சதவீதம் நின்னு போச்சுன்னு ஒரே வரில தாண்டி போயிட்டீங்க, அந்த 90 சதவீதம் எங்க தாத்தா பாட்டி வெட்டுன பால். விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு போயி பேர் குடுத்துட்டு, இருட்டுலயே மரம் நிக்கிற நிரைக்கு போயி, பால் புடிக்கிற மங்கு கவுத்து வச்சத நிமித்தி, மரத்துல வெட்டுன கோட்டுல இருந்து நேத்து காஞ்ச ஒட்டுப்பால உரிச்சு கூடைல போட்டு, அப்புறம்தான் உளிய வைப்பாங்க. வெயில் ஏறிட்டா பால் ஓட்டம் நின்னுடும், அதான் அந்த அவசரம். அமெரிக்கா கார்ல ஓடுன டயர் எல்லாம் இந்த லயத்து சனங்க கையில இருந்து போனது.

1876ல விக்கம்னு ஒருத்தர் பிரேசில்ல இருந்து சுமார் 70,000 விதைய லண்டன் கியூ தோட்டத்துக்கு கொண்டு போனாரு, முளைச்சதுல பெரும்பகுதி இலங்கைக்கு போச்சு, 1877ல 22 கன்னு சிங்கப்பூருக்கு வந்துச்சு. அதுல இருந்து ரெண்டு தலைமுறைக்குள்ள உலகத்து ரப்பரே மலாயாலயும் டச்சுக்காரன் இந்தோனேசியாலயும்தான்னு ஆயிடுச்சு. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்துச்சு, மார்ச்சுல ஜாவாவும் போச்சு. முடிஞ்சது. ஒரே மரம், ஒரே மூலை, ஒரே கடல் வழி.

வேதியியல்_நிலா:

செல்வம் அண்ணா ஒரு டவுட். நான் எம்எஸ்சி பாலிமர் படிக்கிறேன். இயற்கை ரப்பர்னா சிஸ் பாலி ஐசோப்ரீன், எல்லா யூனிட்டும் ஒரே பக்கமா திரும்பி நிக்கிற சங்கிலி. 1942ல இத அப்படியே செய்ய ஏன் முயற்சி பண்ணல? ஐசோப்ரீன் என்னன்னு 19ஆம் நூற்றாண்டுலயே தெரியுமே?

பான்பரி_செல்வம்:

நிலா, நல்ல கேள்விம்மா. ஐசோப்ரீன் தெரியும், ஆனா அத கோர்க்கும்போது எல்லாம் ஒரே பக்கமா திரும்ப வைக்கிற கேட்டலிஸ்ட் (வினையூக்கி) அப்ப கிடையாது. ஜீக்ளர் வகை கேட்டலிஸ்ட் வந்த பிறகு 1950கள் நடுவுலதான் குட்ரிச், ஃபயர்ஸ்டோன்காரங்க அத செஞ்சு காட்டுனாங்க, போர் முடிஞ்சு ஏறக்குறைய பத்து வருஷம் கழிச்சு. மரம் சும்மா நின்னுக்கிட்டு செய்யறத நாம செய்ய அவ்வளவு காலம் ஆச்சு.

மொதல் உலகப்போர்லயே ஜெர்மனி இந்த மாதிரி மாட்டிக்கிச்சு. பிரிட்டிஷ் கப்பற்படை கடல அடைச்சதும் ஃப்ரிட்ஸ் ஹாஃப்மன் வழில வந்த மெத்தில் ரப்பர் செஞ்சாங்க. டிரம்முல ஊத்தி வாரக்கணக்கா காத்துக்கிடக்கணும் அது இறுகறதுக்கு. மொத்தமா 2,000 டன் சொச்சம்தான் செஞ்சாங்க, நீர்மூழ்கி கப்பல் பேட்டரி பெட்டிக்கு ஆச்சு, டயருக்கு உருப்படியா வரல. போர் முடிஞ்சதும் மூட்டை கட்டிட்டாங்க.

அதனால 1942ல அமெரிக்கா எடுத்த முடிவு, இயற்கை ரப்பர நகல் எடுக்க போகாம டயர் ஓடுற அளவுக்கு இருந்தா போதும்னு நின்னது. 75 பங்கு பியூட்டாடையீன், 25 பங்கு ஸ்டைரீன். தண்ணில சோப்பு போட்டு கலக்கி, பொட்டாசியம் பெர்சல்ஃபேட் போட்டு ஆரம்பிச்சு வச்சு, 50 டிகிரில விடணும். சங்கிலி ஒன்னோட ஒன்னு கட்டிக்கிட்டு ஜெல் ஆயிட கூடாதுன்னு டோடெசைல் மெர்காப்டன் கொஞ்சம். இதுக்கு 1942 மார்ச் 26ல எல்லா கம்பெனியும் ஒரே ரெசிபின்னு ஒத்துக்கிட்டாங்க. இந்த எஸ்பிஆருக்கு ஜிஆர்-எஸ்னு அரசாங்க பேரு. ஏப்ரல் 26ல ஃபயர்ஸ்டோன் மொத பேல இறக்கிட்டான்.

ஒரே ரெசிபிங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு மிக்சிங்ல நிக்கிறவனுக்குத்தான் தெரியும். நாலு சப்ளையர் நாலு விதமா பாலிமர் அனுப்பினா ஒவ்வொரு லாட்டுக்கும் சல்ஃபர், ஆக்சிலரேட்டர், எண்ணெய் எல்லாம் திருப்பி ஒத்து பாக்கணும், கியூர் டைம், அதாவது வேகற நேரம், மாறும், ப்ரெஸ்ல டயர் பாதி வெந்தும் பாதி வேகாமயும் வரும். எவன் ஆலைல இருந்து வந்தாலும் ஒரே மாதிரின்னு ஆனதாலதான் அத்தன டயர் ஃபேக்டரியும் ஒரேடியா மாற முடிஞ்சுது.

வேதியியல்_நிலா:

சோப்பு விஷயத்துல நான் படிச்ச ஒன்னு சொல்றேன். ஒரே ரெசிபி, ஒரே அளவு, ஆனா சில பேட்ச் டைமுக்கு முடியல, இழுத்துக்கிட்டே போச்சு. தேடி பாத்தா சோப்பு செய்யற கொழுப்புல இருந்த லினோலியிக் மாதிரி சில கொழுப்பு அமிலம் ரியாக்‌ஷன மந்தமாக்குது. இதையெல்லாம் கண்டுபிடிக்க இல்லினாய்ல கார்ல் மார்வெல், மினசோட்டால கோல்தாஃப் இவங்க குரூப்பெல்லாம் வேல பாத்தாங்க, ரிசல்ட்ட கம்பெனிங்க எல்லாத்துக்கும் குடுத்தாங்க. பெல் லேப்ஸ் ஆளுங்களும் இருந்தாங்க. போட்டி கம்பெனி கெமிஸ்டுங்க ஒரே மீட்டிங்ல உக்காந்து என் பேட்ச் ஏன் கெட்டுச்சுன்னு பேசுனதுதான் எனக்கு இந்த கதைலயே ரொம்ப புடிச்ச இடம். அந்த வகைல செல்வம் அண்ணா சொல்றத நான் ஒத்துக்கறேன்.

பழைய_இரும்பு:

ரெண்டு பேரும் ரெசிபிலயே நிக்கிறீங்க. உற்பத்தி கணக்க பாருங்க. 1942 முழுக்க அந்த நாலு டயர் கம்பெனியும் சேந்து செஞ்ச ஜிஆர்-எஸ் 2,241 டன். தேவை லட்சக்கணக்குல. அப்போ 42லயும் 43லயும் வண்டி எப்படி ஓடுச்சு? இருக்கறத இழுத்து புடிச்சுதான்.

அமெரிக்கால போர்ல மொத மொத ரேஷன் வந்தது டயருக்குத்தான், 1942 ஜனவரி. சர்க்கரைக்கும் பெட்ரோலுக்கும் முன்னாடி. டாக்டர், ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் இந்த மாதிரி ஆளுக்குத்தான் புது டயர். அப்புறம் ஸ்பீடு லிமிட், நாடு முழுக்க மணிக்கு 35 மைல், நம்ம கணக்குல 56 கிலோமீட்டர். டிசம்பர்ல நாடு முழுக்க பெட்ரோல் ரேஷன் வந்துச்சே, அதுக்கு காரணம் பெட்ரோல் தட்டுப்பாடுன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. பல மாநிலத்துல பெட்ரோல் தாராளமா கெடந்துச்சு. பெட்ரோல குறைச்சா ஓட்டுறது குறையும், ஓட்டுறது குறைஞ்சா டயர் தேயாது, அதான் நோக்கம். ஆளுக்கு அஞ்சு டயர்தான், மிச்சத்த அரசாங்கத்துக்கு குடுத்துடணும்.

1942 ஜூன்ல ரூஸ்வெல்ட் ரேடியோல பேசி, பழைய டயர், ரெயின்கோட்டு, தோட்டத்து ஹோஸ், ரப்பர் செருப்பு, குளிக்கிற தொப்பி, கையுறை எல்லாத்தையும் பக்கத்து பெட்ரோல் பங்க்ல கொண்டு போடுங்கன்னாரு, பவுண்டுக்கு ஒரு சென்ட். கிட்டத்தட்ட நாலர லட்சம் டன் சேந்துச்சு. ரெசிபி எவ்வளவு நல்லா இருந்தாலும் ஆலை எழும்பற வரைக்கும் நாட்ட ஓட்டுனது இந்த சிக்கனம்தான். நான் பழைய பொருள் யாவாரம் பண்றவன், கையிருப்போட மதிப்பு எனக்கு தெரியும்.

பான்பரி_செல்வம்:

அண்ணே சிக்கனம் காலத்த வாங்கி குடுத்துச்சுங்கறத முழுசா ஒத்துக்கறேன். ஆனா அந்த நாலர லட்சம் டன்ன ரொம்ப பெருசா எடுத்துக்க வேணாம். ஒருவாட்டி வல்கனைஸ் ஆன, அதாவது கந்தகம் போட்டு வெந்த ரப்பர் பழையபடி பச்ச ரப்பரா ஆகாது. கந்தகம் போட்ட முடிச்ச அவுக்கணும், அவுக்கறப்ப சங்கிலியும் அறுந்துடும். ரீக்ளெய்ம்னு வர்ற சரக்கு பலம் கம்மி, தேய்மானம் ஜாஸ்தி. ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப் இதுக்கு ஓகே, டயர்ல கொஞ்சம் கலக்கலாம், அதையே நம்பி ட்ரெட் (ரோட்டுல உரசற மேல்பகுதி) போட முடியாது.

சிக்கனத்துக்கு உண்மையான ஆணி அடிச்சது பரூக் கமிட்டி. 1942 செப்டம்பர்ல பெர்னார்ட் பரூக், ஹார்வர்ட் தலைவர் கோனண்ட், எம்ஐடி தலைவர் காம்ப்டன் மூணு பேரும் குடுத்த ரிப்போர்ட். எல்லா முக்கிய பொருள்லயும் நாட்டு பாதுகாப்புக்கு பெரிய ஆபத்து ரப்பர்தான்னு நேரடியா எழுதுனாங்க. ஸ்பீடு லிமிட்டும் நாடு தழுவுன ரேஷனும் அதுல சொன்னது. ரப்பருக்குன்னே ஒரு டைரக்டர் வேணும்னாங்க, யூனியன் பசிபிக் ரயில்வே தலைவர் வில்லியம் ஜெஃபர்ஸ் வந்தாரு. அப்புறம்தான் ஆலைங்க விறுவிறுன்னு எழும்புச்சு, அரசாங்க பணத்துல 50க்கு மேல. 1945ல செயற்கை ரப்பர் வருஷத்துக்கு 9 லட்சம் டன்னுக்கு மேல போச்சு, அதுல பெரும்பங்கு ஜிஆர்-எஸ்.

சோளக்கொல்லை:

எல்லாரும் ரப்பர் ரப்பர்ங்கறீங்க, அந்த பியூட்டாடையீன் எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கலயே. அங்கதான் பெரிய சண்டை. ஆயில் கம்பெனிங்க பெட்ரோலியத்துல இருந்து எடுக்கலாம்னாங்க. விவசாய மாநிலத்து செனட்டருங்க, அயோவா கில்லட் தலைமைல, எங்க ஊர்ல தானியம் குவிஞ்சு கிடக்கு, ஆல்கஹால்ல இருந்து எடுங்கன்னாங்க. ஆயில்காரங்க இத விவசாயி ஓட்டுக்கு போடற நாடகம்னு சொன்னாங்க. கடைசில என்ன ஆச்சு? 1943, 44 ரெண்டு வருஷமும் பியூட்டாடையீன்ல பாதிக்கு மேல ஆல்கஹால்ல இருந்துதான் வந்துச்சு. வெஸ்ட் வர்ஜீனியால இன்ஸ்டிட்யூட்னு ஒரு ஊரு, அங்க யூனியன் கார்பைட் போட்ட ஆலை சொன்ன அளவுக்கு மேலயே குடுத்துச்சு. விவசாயி சொன்னது பலிச்சுது, இத யாரும் ஃபார்வர்ட்ல போட மாட்டாங்க.

ரஷ்யாவும் மறக்க கூடாது. லெபடேவ் வழில ஆல்கஹால்ல இருந்து பியூட்டாடையீன் எடுத்து, சோடியம் போட்டு ரப்பராக்கி, 1930கள் ஆரம்பத்துலயே யாரோஸ்லாவ்ல ஆலை ஓட்டுனாங்க. உருளக்கெழங்கு, தானியம் இதுலேர்ந்து ஆல்கஹால். அமெரிக்காவுக்கு பத்து வருஷம் முன்னாடி.

பான்பரி_செல்வம்:

சோளக்கொல்லை அண்ணே சூப்பர், நான் எழுத நெனச்சது இது. இன்னொரு காரணமும் சேத்துக்கோங்க. பெட்ரோலியத்துல இருந்து பியூட்டாடையீன் எடுக்க ப்யூட்டிலீன் வேணும். அதே ப்யூட்டிலீன்தான் 100 ஆக்டேன் விமான பெட்ரோலுக்கும் வேணும். ஒரு பக்கம் ரப்பர் டைரக்டர், இன்னொரு பக்கம் விமானப்படை, ரெண்டு பேரும் ஒரே ரிஃபைனரி வாசல்ல நின்னு அடிச்சுக்கிட்டாங்க. விமானத்துக்கு எரிபொருளா, லாரிக்கு டயரான்னு தேர்ந்தெடுக்கற நிலைமை. ஆல்கஹால் ஆலை வேகமா கட்டி முடிச்சு ஓடுனதாலதான் அந்த இழுபறி தாங்குச்சு. விலை பாத்தா பெட்ரோலிய வழிதான் மலிவு, போர் முடிஞ்சதும் ஆல்கஹால் வழிய விட்டுட்டாங்க. ஆனா 1943ல விலைய பாக்கற நேரமா?

நீதிமன்ற_வாசல்:

இழைய ஆரம்பத்துல இருந்து படிச்சேன். செல்வம் அவர்கள் பேடண்ட் பகிர்வ ரொம்ப உயர்த்தி பேசுறார், அதுக்கு முன்னாடி நடந்தத சொல்லாம விட்டா கதை பாதிதான். ஸ்டாண்டர்ட் ஆயிலுக்கும் ஐஜி ஃபார்பெனுக்கும் 1920கள் கடைசிலேர்ந்தே ஒப்பந்தம், நீ எண்ணெய் பக்கம் பாத்துக்கோ நான் கெமிக்கல் பக்கம் பாத்துக்கறேன்னு உலகத்த பங்கு போட்ட மாதிரி. ஸ்டாண்டர்ட் தன்னோட ப்யூடைல் ரப்பர் விவரத்த ஜெர்மனிக்கு குடுத்துச்சு, பதிலுக்கு புனா எப்படி செய்யறதுங்கற செய்முறை ஜெர்மனில இருந்து வரல, நாஜி அரசு விடல. 1942 மார்ச்சுல நீதித்துறைல இருந்த தர்மன் ஆர்னால்ட் இத செனட்டர் ட்ரூமனோட விசாரணை கமிட்டி முன்னாடி போட்டு உடைச்சாரு. இது துரோகத்துக்கு பக்கத்துல போகுதுன்னு ட்ரூமனே சொன்னாரு. கம்பெனி சின்ன அபராதம் கட்டி, பேடண்டுங்கள திறந்துவிட ஒத்துக்கிச்சு. கம்பெனி தரப்பு, அந்த ஒப்பந்தத்தால அமெரிக்காவுக்குத்தான் லாபம்னு கடைசி வரைக்கும் வாதாடுச்சு, அதையும் பதிவு பண்ணிடறேன்.

ஆக பகிர்ந்துக்கிட்டாங்கங்கறது உண்மை, ஆனா மனசு மாறி பகிர்ந்துக்கல. அரசாங்கம், வழக்கு, போர், பொதுமக்கள் கோவம் எல்லாம் சேந்து நெருக்குச்சு. ஆலையோட பணம் அரசாங்கத்தோடது, வாங்கறவனும் அரசாங்கம்தான், அதுக்கப்புறம் ஒளிச்சு வச்சு என்ன பிரயோசனம்.

ஜெர்மனி பக்கம் இதே புனாவுக்காக நடந்தது நெனச்சா வயிறு கலங்குது. ஆஷ்விட்ஸ் நாஜி வதை முகாம் பக்கத்துல மோனோவிட்ஸ்ல ஐஜி ஃபார்பென் ஒரு பெரிய புனா ஆலை கட்டுச்சு, முகாம் கைதிகள வேலைக்கு வாங்கி. நடக்க முடியாதவன திருப்பி அனுப்புனா அடுத்தது விஷவாயுதான். ஆயிரக்கணக்கானவங்க செத்தாங்க. 1945 ஜனவரில சோவியத் படை வர்ற வரைக்கும் அந்த ஆலைல இருந்து ஒரு கிலோ ரப்பர் கூட வரல.

கிள்ளான்_பாரி:

நீதிமன்ற வாசல் ஐயா சொன்னத படிச்சதும் எழுதாம இருக்க முடியல. அதே வருஷங்கள்ல எங்க பக்கம் என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்.

ஜப்பான் மலாயாவ புடிச்சான், உலகத்து ரப்பர்ல பெரும்பங்கு அவன் கைல. ஆனா அத்தன ரப்பர வச்சுக்கிட்டு அவனுக்கு என்ன செய்ய? அவன் ஆலைக்கு அவ்வளவு தேவையில்ல, ஏத்திட்டு போக கப்பலும் இல்ல, இருந்த கப்பல அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடிச்சுக்கிட்டே இருந்தான். தோட்டம் தோட்டமா பால்வெட்டு நின்னு போச்சு. வெள்ளக்கார தொரைமாருங்க ஓடிட்டானுங்க, சம்பளம் இல்ல, பர்மாவுல இருந்து வந்துட்டிருந்த அரிசி இல்ல. சனங்க மரவள்ளிக்கெழங்க நட்டு சாப்புட்டாங்க. வேலை இல்லாம கெடந்த இந்த தமிழ் ஆளுங்களத்தான் சயாம் (இப்ப தாய்லாந்து) ரயில் பாதை போட ஜப்பான்காரங்க அள்ளிக்கிட்டு போனாங்க. நல்ல சம்பளம், மூணு மாசத்துல திரும்பிடலாம்னு சொல்லி கூட்டிட்டு போனது கொஞ்சம், லாரிய கொண்டாந்து நிறுத்தி புடிச்சிட்டு போனது மீதி. சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர், காடும் மலையும், 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. காலரா வந்தப்ப ஒரு ஒரு முகாமும் காலியாச்சு. வெள்ளக்கார கைதிங்களுக்கு கல்லறை இருக்கு, பேரு பொறிச்சிருக்கு. எங்க சனங்களுக்கு பேர் பட்டியல் கூட சரியா கிடையாது.

எங்க தோட்டத்துல ஒரு கெழவி இருந்தாங்க, புருசன் சயாமுக்கு போனவரு திரும்பல. கடைசி வரைக்கும் தாலிய கழட்டல, செத்ததுக்கு சேதி வரலையேன்னு. ரப்பர் பஞ்சம்னு யாராச்சும் பேசுனா எனக்கு அமெரிக்கா ரேஷன் கார்டு நெனப்பு வர்றதில்ல, இதுதான் வருது.

பான்பரி_செல்வம்:

பாரி தம்பி, இத இங்க எழுதுனதுக்கு நன்றிப்பா. இந்த இழைல இதவிட முக்கியமான பதிவு வேற இல்ல.

கேகாலை_ராஜ்:

பாரி எழுதுனதுக்கு பிறகு எங்க கதையும் சொல்லணும். நான் இலங்கை, கேகாலை பக்கம். மலாயா போனதும் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் குடுக்குற முக்கியமான இடமா இலங்கைதான் மிஞ்சுச்சு. மலாயால மரம் சும்மா நிக்க, இங்க அதுக்கு நேர்மாறு. எவ்வளவு பால் வருமோ அவ்வளவையும் எடுன்னு உத்தரவு. ஸ்லாட்டர் டேப்பிங்னு சொல்லுவாங்க, மரம் செத்தாலும் பரவாயில்லன்னு வெட்டுறது. வழக்கமா ஒரு பக்கம் பட்டைய வெட்டிட்டு அது திரும்ப வளர வருசக்கணக்கா விடணும், அப்ப அந்த பேச்சே இல்ல, ரெண்டு பக்கமும், உசரத்துலயும் வெட்டுனாங்க. போர் முடிஞ்சப்ப பட்டை காஞ்ச மரம்தான் நிறைய தோட்டத்துல மிச்சம். அதே நேரத்துல அமெரிக்காவுக்கு செயற்கை ரப்பர் வந்துருச்சு, விலை விழுந்துச்சு. 1952ல சீனாவோட அரிசிக்கு ரப்பர்னு ஒப்பந்தம் போட்டுத்தான் இலங்கை மூச்சு விட்டுச்சு.

அமேசான்_வாசகி:

பிரேசிலையும் சேத்துக்கோங்க. ரப்பர் மரத்தோட தாய்நாடே அதுதான, அப்ப அங்கயிருந்து எடுத்திருக்கலாமேன்னு தோணும். ஹென்றி ஃபோர்ட் 1920கள் கடைசில அமேசான்ல ஃபோர்ட்லாண்டியான்னு ஒரு ஊரையே கட்டி தோட்டம் போட்டாரு. மரத்த நெருக்கமா நட்டதும் இலைக்கருகல் பூஞ்சை ஒரு மரத்துல இருந்து அடுத்த மரத்துக்கு தாவி தோட்டத்தையே மொட்டை அடிச்சுது. காட்டுல ஒரு மரம் இங்க, அடுத்தது எங்கயோ தூரத்துலன்னு நிக்கிறதாலதான் அங்க அது பொழைக்குது. 1945ல வந்த விலைக்கு பிரேசில் அரசாங்கத்துக்கே திருப்பி குடுத்துட்டு போயிட்டாங்க.

அதனால 1942ல அமெரிக்காவும் பிரேசிலும் ஒப்பந்தம் போட்டு காட்டு மரத்துல பால் எடுக்க ஆள் அனுப்புனாங்க. வடகிழக்கு பிரேசில்ல வறட்சில வாடுன ஏழைங்க, 50,000 பேருக்கு மேல. ரப்பர் சிப்பாய்னு பேரு. மலேரியா, மஞ்சள் காமாலை, காடு. ஆயிரக்கணக்குல திரும்பல. சண்டைக்கு போன சிப்பாய்க்கு கெடச்ச மரியாதையும் பென்ஷனும் இவங்களுக்கு பல வருஷம் கெடைக்கல.

இன்னொன்னு. 2018ல அதே வடகிழக்கு பிரேசில் கடற்கரைல பெரிய பெரிய கருப்பு கட்டிங்க ஒதுங்க ஆரம்பிச்சுது, சதுர மூட்டை மாதிரி, சிலதுல பிரெஞ்சு இந்தோசைனா சரக்குன்னு எழுத்து. என்னன்னு யாருக்கும் புரியல. சியாரா பல்கலைக்கழகத்து ஆளுங்க தேடி பாத்து, 1944 ஜனவரில அட்லாண்டிக்ல மூழ்குன ரியோ கிராண்டேங்கற ஜெர்மன் கப்பலோட ரப்பர் பேல்னு சொன்னாங்க. புனா ஆலைங்க வச்சிருந்த ஜெர்மனியே முற்றுகைய தாண்டி ஆசியாவுல இருந்து மரத்து ரப்பர கப்பல்ல கடத்த பாத்துச்சு.

வேதியியல்_நிலா:

ஏன் அப்படி? புனா எஸ் அவங்களோடதுதானே? அப்புறம் டாண்டெலியன் செடி, குவாயூல் செடில எல்லாம் ரப்பர் எடுத்தாங்கன்னு படிச்சேனே, அது என்ன ஆச்சு?

பான்பரி_செல்வம்:

செடி விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். ரஷ்யாக்காரன் கோக் சாகிஸ்னு ஒரு டாண்டெலியன கஜகஸ்தான்ல கண்டு பயிர் பண்ணான், வேர்ல பால். அமெரிக்கா கலிஃபோர்னியால குவாயூல் போட்டுச்சு. ஜப்பானிய வம்சாவளின்னு சொல்லி மான்சனார் முகாம்ல அடைச்சு வச்சாங்களே, அந்த ஆளுங்கள்லயே சில விஞ்ஞானிங்க அங்க இருந்துகிட்டு குவாயூல் ஆராய்ச்சி பண்ணி குடுத்தாங்க. செடி வளர டைம் ஆகும், போருக்கு அளவு போதல.

ஜெர்மனி ஏன் கடத்துச்சுங்கறதுக்கு பதில் டயர் கட்டுற மேஜைல இருக்கு. டயர் அச்சுல ஊத்தி வர்ற பொருள் கிடையாது. டிரம்மு மேல மொதல்ல இன்னர் லைனர், அப்புறம் ப்ளை, பீடு, பெல்ட், சைடுவால், ட்ரெட்னு ஒன்னு மேல ஒன்னு சுத்தி ரோலர் போட்டு அமுக்கணும். வேகறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு லேயரும் அடுத்தத கவ்வி புடிக்கணும். இயற்கை ரப்பர்ல அந்த ஒட்டு தானா இருக்கு, விரல வச்சு எடுத்தா இழுக்கும். ஜிஆர்-எஸ்ல அது ரொம்ப கம்மி, வழவழன்னு நழுவும், ஜாயிண்ட் வாய பொளந்துக்கும். அதுக்குன்னு சிமெண்ட் தடவி, பைன் மரத்து ரெசின் போட்டுன்னு பாடுபட்டாங்க.

ரெண்டாவது சூடு. லாரி டயர் சுமையோட உருளும்போது ஒவ்வொரு சுத்துக்கும் அமுங்கி எழுந்திருக்கும். இயற்கை ரப்பர் வாங்குன சக்திய பெரும்பாலும் திருப்பி குடுத்துடும். ஜிஆர்-எஸ் அதுல நிறைய பங்க சூடா உள்ளயே வச்சுக்கும். கார் டயருக்கு தாங்கும், சுவர் மெலிசு. லாரி, பீரங்கி வண்டி டயர் கனமா இருக்கும், உள்ள சூடு வெளிய வர வழியில்ல, ப்ளை பிரிஞ்சு வெடிச்சுடும். அதனால போர் முடியற வரைக்கும் பெரிய டயர்ல கணிசமா இயற்கை ரப்பர் கலந்தே ஆகணும். ராஜ் சொன்ன இலங்கை மரங்கள அப்படி வெட்டுனது இதுக்குத்தான். ஜெர்மனி கப்பல் விட்டதும் இதுக்குத்தான். போருக்கு அப்புறம் 1948 வாக்குல 5 டிகிரி குளிர்ல செய்யற கோல்டு ரப்பர் வந்தப்புறம்தான் எஸ்பிஆர் கார் ட்ரெட்ல நிஜமாவே நல்ல சரக்காச்சு.

குலசேகரம்_ஜெபா:

கன்னியாகுமரி மாவட்டத்துல இருந்து. எங்களுக்கு கொஞ்சம் ரப்பர் இருக்கு, சிரட்டைல பால் எடுத்து ஷீட் அடிச்சு புகை போடுறோம். செல்வம் அண்ணன்கிட்ட நேரா கேக்கறேன், இன்னைக்கு மறுபடியும் அப்படி ரப்பர் நின்னா உங்க ஃபேக்டரி ஓடுமா?

பான்பரி_செல்வம்:

ஜெபா, கார் டயர், டூவீலர் டயர் ரெசிபி மாத்தி மாத்தி சமாளிக்கலாம், தரம் கொஞ்சம் இறங்கும். லாரி ரேடியல்ல ரப்பர் பங்குல பெரும்பகுதி உங்க ஷீட்டும் பிளாக் ரப்பரும்தான், அங்க கை நடுங்கும். விமான டயர் முழுக்கவே இயற்கை ரப்பர்னு சொல்லலாம். மேல மைனஸ் 50 டிகிரில உறைஞ்சு கெடந்துட்டு தரைல இறங்குன நொடில அத்தன டன் பாரத்தோட, அத்தன வேகத்தோட ரன்வேல உரசுது. அந்த எடத்துல வேற ரப்பர நம்பி வைக்க இன்னும் ஆள் இல்ல.

அமேசான்_வாசகி:

அதுலதான் எனக்கு பயம் ஜெபா. நான் சொன்னேனே இலைக்கருகல், அது இன்னும் லத்தீன் அமெரிக்காவ தாண்டல. ஆசியாவுல இருக்கற மரம் பெரும்பாலும் விக்கம் கொண்டாந்த அந்த விதைங்களோட வம்சம், அதுவும் ஒட்டு கட்டி பெருக்குன சில க்ளோன், எதிர்ப்பு சக்திய பாத்து யாரும் தேர்ந்தெடுக்கல, பால் அளவ பாத்துத்தான் தேர்ந்தெடுத்தாங்க. பிரேசில் தோட்டத்த சுத்தி பாத்துட்டு வர்றவங்க போட்டிருந்த துணி, செருப்பு எதையும் அப்படியே நம்ம தோட்டத்துக்குள்ள போட்டுக்கிட்டு போக கூடாது. இத ஊர்ல நாலு பேர்கிட்ட சொல்லுங்க.

குலசேகரம்_ஜெபா:

சொல்றேன் அக்கா. எங்களுக்கு மழைக்காலத்துல வர்ற இலை உதிர்வே பெரும்பாடு, மே மாசம் மழைக்கு முன்னாடி காப்பர் மருந்து அடிக்கணும், மரத்துக்கு மரம் ரெயின் கார்டு கட்டணும், ஒரு வருஷம் விலை இல்லேன்னு அடிக்காம விட்டா அடுத்த வருஷம் பால் குறையும். விலை விழுந்தப்ப எங்க பக்கத்துல சிலபேர் மரத்த முறிச்சு அன்னாசி வச்சாச்சு. வெட்டத் தெரிஞ்ச ஆளும் கம்மி, பட்டைல கத்தி கொஞ்சம் ஆழமா போயி தடிய தொட்டா அந்த எடத்துல முண்டு வந்துடும், பிறகு அங்க வெட்ட முடியாது. இந்த இழைய எங்க சங்க குரூப்புல போடுறேன், விமான டயர் சமாச்சாரம் அங்க யாருக்கும் தெரியாது. பாரி, சயாம் போனவங்கள பத்தி உங்க ஊர்ல பெரியவங்க யாராவது இன்னும் இருந்தா அவங்க சொல்றத ரெக்கார்டு பண்ணி வைங்க, எங்க ஊருல இருந்தும் மலாயாவுக்கு போனவங்க உண்டு.

கிள்ளான்_பாரி:

பண்ணிக்கிட்டிருக்கேன் ஜெபா. அந்த தலைமுறைல மிச்சம் இருக்கறவங்க ரொம்ப கொறைவு, போன் பண்ணி கேக்கறத விட நேர்ல போனாத்தான் பேசுறாங்க. உங்க ஊர்ல இருந்து போனவங்க பேரு, எந்த கப்பல்ல போனாங்க, எந்த தோட்டம்னு ஏதாவது பழைய கடுதாசி இருந்தா தனி மெசேஜ்ல அனுப்புங்க, தோட்டத்து பேர் தெரிஞ்சா நான் இங்க விசாரிக்கறேன்.